கம்பெனி எடுத்த இரைச்சல் அறிக்கை 'வரம்புக்குள்' என்கிறது. சங்கம் தனியாக நிபுணரை வைத்துப் பார்க்கலாமா?

பிரஸ்ஷாப்_ரவி

தோழர்களுக்கு வணக்கம். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், சங்கத்தில் பொறுப்பிலும் இருக்கிறேன், கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். எங்கள் பகுதி பிரஸ் ஷாப். தகடு அடிக்கிற இடம் எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர்களில் பலர் இப்போது வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், போனில் எதிரே பேசுவது பிடிபடவில்லை, படுத்தால் காதுக்குள் கீ என்று விடாமல் கேட்கிறது என்கிறார்கள். ஒருவர் பெரியவர்கள் பேசுவது ஓரளவு கேட்கிறது, பேத்தி பேசுவதுதான் புரியவில்லை என்று சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பாதுகாப்புக் குழுவில் கேட்டோம். ஒரு தனியார் ஆய்வகத்தின் அறிக்கையை எடுத்து வைத்தார்கள். அளந்த இடங்களில் எல்லாம் 86, 88, 89 டெசிபல். சட்ட வரம்பு 90, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள். வருடாந்திர மெடிக்கலிலும் எல்லாரும் ஃபிட்.

சங்கத்துக்குள் இரண்டு கருத்து ஓடுகிறது. சந்தா பணத்தில் நாமே ஒரு நிபுணரை வைத்து அளக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அந்தக் காசும் வீண், நம் அறிக்கையை நிர்வாகம் மதிக்கப் போவதில்லை, வருகிற ஊதிய ஒப்பந்தத்தில் இரைச்சல் படி என்று மாதம் ஒரு தொகை கேட்டு வாங்கிவிடுவோம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருத்துவர்_வேலூர்

தொழில்சார் நோய்கள்தான் என் துறை. முதலில் அந்த அறிக்கையைத் தூக்கி எறியாதீர்கள், அதை வரி வரியாகப் படியுங்கள். மீட்டரை எங்கே வைத்து அளந்தார்கள்? பாதையின் நடுவிலா, ஆப்பரேட்டரின் காது இருக்கும் உயரத்திலா? அன்றைக்கு எத்தனை பிரஸ் ஓடியது? எவ்வளவு நேரம் அளந்தார்கள்? ஒரு இடத்தில் சில நிமிடம் மீட்டரைப் பிடிப்பது ஒன்று, தொழிலாளியின் தோளில் டோசிமீட்டர் மாட்டி ஷிப்ட் முழுக்க அவர் வாங்கும் இரைச்சலைச் சேர்த்துக் கணக்கிடுவது வேறொன்று. பிரஸ் ஷாப்புக்கு இரண்டாவதுதான் பொருந்தும். தகடு அடிபடும்போது வரும் திடீர் அதிர்வொலிக்குத் தனி வரம்பு உண்டு, உச்சம் 140 டெசிபல். சராசரியைப் பார்க்கும் அளவீட்டில் அது தெரியவே தெரியாது.

அப்புறம் அந்த 90. அது 8 மணி நேர வேலைக்கான எண். நம் விதிகளில் உள்ள அட்டவணைப்படி 95 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான், 100 என்றால் 2 மணி நேரம்தான். ஓவர்டைம் சேர்த்து 12 மணி நேரம் நிற்கிறீர்களா? அதே கணக்கை நீட்டிப் பார்த்தால் 12 மணி நேரத்துக்கு வரம்பு சுமார் 87-க்கு இறங்கிவிடும். அப்படியானால் அவர்கள் காட்டிய 88-உம் 89-உம் வரம்புக்குள் இல்லை.

அந்த 90-கூடக் காதைக் காப்பாற்றும் எண் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (நயாஷ்) பரிந்துரைப்பது 85, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 80-ஐத் தாண்டினாலே காதுறை கொடுக்க வேண்டும், 85-ஐத் தாண்டினால் இரைச்சலைக் குறைக்கத் திட்டம் போட வேண்டும்.

பேத்தி பேசுவது புரியவில்லை என்றாரே, அது சரியாகப் பொருந்துகிறது. இரைச்சலால் வரும் கேட்புத்திறன் இழப்பு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கும், உயர்ந்த குரல்கள்தான் முதலில் போகும். உங்கள் மெடிக்கலில் ஆடியோமெட்ரி (கருவி வைத்துக் கேட்புத்திறனை அளக்கும் சோதனை) எடுக்கிறார்களா, இல்லை பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து ஃபிட் போடுகிறார்களா?

பிரஸ்ஷாப்_ரவி

மேடம், ஆடியோமெட்ரி இரண்டு வருடமாகத்தான் எடுக்கிறார்கள். ஷிப்ட் நடுவில் கூப்பிட்டு, கம்பெனி வாசலில் நிற்கிற வேனில். ஓவர்டைம் வாரத்தில் மூன்று நாளாவது உண்டு. அந்த 87 கணக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

எச்எஸ்இ_மணி

நான் எதிர்ப்பக்கத்து ஆள், ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. கம்பெனி ரிப்போர்ட் என்றாலே காசுக்கு எழுதிக் கொடுத்தது என்று பேசுவது நியாயம் இல்லை. ஆய்வகத்துக்காரர்கள் பொய் எண் எழுதுவது அபூர்வம். அங்கீகாரம் போய்விடும், அவர்கள் தொழிலே அதுதான்.

ஆனால் அவர்கள் எதை அளக்க வேண்டும் என்று நாங்கள் கொடுக்கிற வேலை ஆணையில் எழுதியிருக்கும். எட்டு இடம், பகல் ஷிப்ட், இடத்துக்குச் சில நிமிடம் என்று எழுதினால் அதைத்தான் அளப்பார்கள். இரவு ஷிப்டில் கதவை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்களா என்று அவர்கள் கேட்க மாட்டார்கள், கேட்கவும் முடியாது. ஆகவே ரவி, நிபுணரைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு வேலை ஆணையை எழுதும் இடத்தில் சங்கம் உட்காருங்கள். அடுத்த அளவீட்டுக்கு முன்னால் எந்த இடம், எந்த ஷிப்ட், எத்தனை மெஷின் ஓடும்போது என்பதைப் பாதுகாப்புக் குழுவில் பேசி நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அளக்கும்போது சங்கத்தின் சார்பில் ஒருவர் கூட நிற்கட்டும். நல்ல நிர்வாகம் இதற்கு மறுக்காது, மறுத்தால் மறுத்ததே பதிவாகட்டும்.

ஒரு வருத்தமும் இருக்கிறது. சங்கங்கள் உடல்நலப் பிரச்சினையை எடுப்பது பெரும்பாலும் ஊதியப் பேச்சு வரும் சமயத்தில்தான். படி கிடைத்ததும் அந்தக் கோப்பு மூடிவிடும். பிரஸ்ஸைச் சுற்றித் தடுப்பு அடிக்கப் பணம் கேட்டு நான் மேலே எழுதிய குறிப்புக்கு ஒரு தடவைகூடச் சங்கம் துணைக்கு வந்ததில்லை.

ஓய்வுபெற்ற_தோழர்

மணி சொன்ன கடைசி விஷயம் சங்கக்காரனான எனக்கும் சுடுகிறது, ஆனாலும் அவர் சொல்வது சரி.

1960-களில் இத்தாலியின் தூரின் நகரத்தில் இதே விவாதம் நடந்தது. ஃபியட் கார் கம்பெனியின் ஊர் அது. அப்போது அங்கே ஆபத்தான வேலைக்கு ஆபத்துப் படி வாங்குவதுதான் சங்கங்களின் வழக்கம். இவார் ஒத்தோனே என்று ஒரு மருத்துவர் சங்கத் தொழிலாளிகளோடு உட்கார்ந்து வேறு ஒரு முறையை உருவாக்கினார். ஒரே இடத்தில் ஒரே வேலை செய்பவர்கள் ஒரு குழு. அந்தக் குழுவின் அனுபவமே முதல் சான்று. வெளிச்சம், சத்தம், வெப்பம், ஈரம் ஒரு வகை; தூசி, புகை, ரசாயனம் இரண்டாவது; உடல் உழைப்பின் களைப்பு மூன்றாவது; வேகம், சலிப்பு, பதற்றம், உடம்பை வளைத்து நிற்பது எல்லாம் நான்காவது. தொழிலாளிகள் இந்த நாலு வகையிலும் தங்கள் இடத்தை விவரிப்பார்கள், அப்புறம் மருத்துவரும் பொறியாளரும் வந்து அளப்பார்கள். அளந்து வந்த முடிவைக் குழு ஒப்புக்கொண்டால்தான் அது முடிவு. உடல்நலத்தைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை நிர்வாகத்திடமும் கொடுக்கக்கூடாது, நிபுணரிடமும் கொடுக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. 'உடல்நலம் விற்பனைக்கு இல்லை' என்பது அந்த இயக்கத்தின் கோஷம்.

1970-இல் வந்த இத்தாலியத் தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பணியிட உடல்நல ஏற்பாடுகளைத் தங்கள் பிரதிநிதிகள் மூலம் சரிபார்க்கவும் ஆய்வு நடத்தக் கோரவும் தொழிலாளருக்கு உரிமை கொடுத்தது.

ரவி, உங்கள் மூத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, மாதம் சில நூறு ரூபாய் என்பது குடும்பத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் படி வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு இரைச்சலைக் குறை என்று கேட்டால், அதற்குத்தானே பணம் கொடுக்கிறோம் என்பார்கள். அந்தப் பதிலை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

மலைச்சாரல்

நான் கொடைக்கானல் மலை அடிவாரத்துக்காரன். அந்தப் பாதரச வெப்பமானித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் இல்லை, ஆனால் அந்த வழக்கைத் தொடர்ந்து பார்த்தவன். நிபுணர் அறிக்கை பற்றிப் பேசும் சங்கங்கள் எல்லாம் அதைப் படிக்க வேண்டும்.

சுருக்கமாக: 1980-களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் 7.4 டன் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு இருப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வருடமே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் நலச்சங்கம் ஒன்றை அமைத்து 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தொழிலாளர்களுக்குப் பாதரசத்தால் பாதிப்பு ஏற்படவில்லை என்று கம்பெனி ஆய்வுகளைக் காட்டியது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, இப்போதிருக்கும் நோய்களைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. பிறகு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு பார்த்தது. 2011-இல் வந்த அதன் அறிக்கை, வேலையிடத்தில் பட்ட பாதரசத்தால் தொழிலாளர்கள் நோய்வாய்ப்பட்டதற்குச் சான்று இருக்கிறது என்றது. ஆலை ஒன்று, ஆட்கள் அதே ஆட்கள், முடிவு நேர் எதிர்.

காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். உடம்புக்குள் போன பாதரச ஆவி இரண்டு மாதத்தில் பாதியாகக் குறையும் வகை. ஆலை மூடி ஐந்தாறு வருடம் கழித்துச் சிறுநீரையும் ரத்தத்தையும் பார்த்தால் என்ன கிடைக்கும்? ஆலை ஓடிய காலத்தில் எடுத்த காற்று அளவீடும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் உண்மையான சான்று, அதெல்லாம் இருந்தது கம்பெனியின் கையில். தொழிலாளியிடம் அவர் உடம்பைப் பற்றிய ஒரு தாள்கூட இல்லை. கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்தது, தவறை ஒப்புக்கொள்ளாமல், தொகையை வெளியிடாமல். ஆலை மூடி பதினைந்து வருடம்.

ரவி, வேனில் எடுக்கும் ஆடியோகிராம் (காதுப் பரிசோதனை முடிவு) தாளின் நகல் உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

பிரஸ்ஷாப்_ரவி

ஒருவரிடமும் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

மருத்துவர்_வேலூர்

அப்படியானால் உங்கள் முதல் கோரிக்கை அதுதான், நிபுணர் எல்லாம் அப்புறம். ஒவ்வொருவரும் தன் ஆடியோகிராம் நகலை எழுத்து மூலம் கேட்கட்டும்.

ஷிப்ட் நடுவில் எடுப்பதில் பெரிய பிழை இருக்கிறது. இரைச்சலில் இருந்து நேராக வந்தவருக்குக் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். அதை அவருடைய ஆரம்ப நிலை என்று பதிந்துவிட்டால், பிறகு நிஜமாகவே கேட்புத்திறன் குறையும்போது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானே என்று ஆகிவிடும். அமெரிக்க விதியில் ஆரம்பப் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரம் இரைச்சல் படாமல் இருக்க வேண்டும். திங்கள் காலை, ஷிப்டுக்கு முன்னால், வேலைக்குள் நுழைவதற்கு முன் எடுக்கச் சொல்லுங்கள்.

பாரிஸ்_தவம்

வணக்கம் உறவுகளே. நான் பிரான்சில் ஒரு துப்புரவுக் கொம்பனியில் வேலை, தொழிலாளர் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்டவன். இங்கே சட்டம் வேறு மாதிரி, ஆனால் நீங்கள் கதைப்பதோடு நேராகப் பொருந்துவதால் எழுதுகிறேன்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கொம்பனியில் பிரதிநிதிகள் குழு, வேலைத்தலத்தில் பாரதூரமான ஆபத்து இருக்கிறது என்று கூட்டத்தில் வாக்கெடுத்துத் தீர்மானித்தால் வெளி நிபுணரை அழைக்கலாம். நிபுணரைத் தெரிவு செய்வது நாங்கள், காசு கட்டுவது முதலாளி. 1982-இல் வந்த சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. 2017-இல் சட்டத்தை மாற்றிப் பழைய உடல்நலக் குழுவைப் பொதுக் குழுவுக்குள் கரைத்து விட்டார்கள், வேறு சில வகை ஆய்வுகளில் ஐந்தில் ஒரு பங்கு செலவை நாங்கள் ஏற்க வேண்டும் என்றும் வந்தது. பாரதூரமான ஆபத்துக்கு மட்டும் இன்னமும் முழுச் செலவும் முதலாளிதான்.

சும்மா கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதலாளி பத்து நாளுக்குள் நீதிமன்றம் போகலாம், போவார்கள். ஆபத்து இருக்கிறது என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டியது நாங்கள். ஆகவே வாக்கெடுப்புக்கு முன்னமே விபத்துப் பதிவேடு, மருத்துவ விடுப்புக் கணக்கு, தொழில் வைத்தியர் எழுதிய கடிதங்கள், வேலையாட்கள் எழுதித் தந்த வாக்குமூலங்கள் எல்லாம் சேர்த்து வைப்போம். எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதுகு வலி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எதுவும் அசையவில்லை. நிபுணர்கள் இரவு வேலையில் கூடவே நடந்து, எத்தனை தடவை குனிகிறார்கள், எவ்வளவு பாரம் தள்ளுகிறார்கள், ஒரு அறைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறது, நிஜத்தில் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று எழுதினார்கள். வலி என்பது வேலை அட்டவணையில் இருந்து வருகிறது என்று தாளில் வந்த பிறகுதான் அட்டவணையைப் பற்றிக் கதைக்கவே முதலாளி சம்மதித்தார்.

பெரிய உதாரணம் பிரான்ஸ் டெலிகொம் என்ற தொலைபேசிக் கொம்பனி. 22,000 பேரை வெளியேற்றவும் 10,000 பேரை இடம் மாற்றவும் 2006-இல் திட்டம் போட்டார்கள். ஆட்கள் நோய்வாய்ப்பட்டார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2007-இலேயே இரண்டு சங்கங்கள் சேர்ந்து மன அழுத்தத்தைக் கண்காணிக்க ஒரு அவதானிப்பகம் தொடங்கின. 2009-இல் டெக்னொலோஜியா என்ற நிபுணர் நிறுவனம் அனுப்பிய வினாக்கொத்துக்கு ஏறத்தாழ 80,000 பேர் பதில் எழுதினார்கள். சங்கம் வழக்குப் போட்டது. நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்ற வாதம் நிற்கவில்லை, ஏனென்றால் உடல்நலக் குழுக்களும் வைத்தியர்களும் வருடக்கணக்காக எழுதிய எச்சரிக்கைகள் திகதியோடு இருந்தன. 2019 டிசம்பர் 20-இல் கொம்பனிக்கும் முன்னாள் தலைவருக்கும் தண்டனை. முன்னாள் தலைவருடைய கடைசி மேன்முறையீடு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது.

முதலாளி ஏற்காத அறிக்கையும் திகதி போட்ட ஒரு எச்சரிக்கைதான். பத்து வருடம் கழித்து அது வேலை செய்யும். அந்த மூத்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பஞ்சாலை_செல்வி

எல்லாம் சங்கம் இருக்கிற இடத்துக் கதையாக இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் மில்லில் சங்கம் என்று வாயெடுத்தாலே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு எந்த நிபுணர் வருவார்?

ஆனால் நாங்கள் ஒன்று செய்தோம், சொல்கிறேன். ஒரு பெண்கள் அமைப்பின் உதவியோடு வந்த மருத்துவர் ஒருவர் கேட்டார், மூச்சு முட்டுவது எந்தக் கிழமை அதிகம் என்று. யாரும் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை. விடுதியில் ஒரு நோட்டு வைத்து இருமல், நெஞ்சு இறுக்கம் எல்லாம் கிழமை வாரியாகக் குறித்தோம். விடுமுறை முடிந்து திரும்பும் நாளில்தான் அதிகம். பஞ்சு தூசியால் வரும் நுரையீரல் நோயின் அடையாளமே அதுதானாம், ஓய்வுக்குப் பிறகு முதல் நாள் நெஞ்சு இறுகும். அந்த நோட்டைப் பார்த்த பிறகு ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் சோதனை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சோதனை நடந்தது சில பேருக்குத்தான், ஆனால் பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் உறிஞ்சும் குழாயைப் பழுது பார்த்தார்கள். நோட்டுக்குச் செலவு ஒன்றும் இல்லை அண்ணா.

ஓய்வுபெற்ற_தோழர்

செல்வி, உங்கள் நோட்டுக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1970-களில் மில்லை விட்டு நோயோடு வெளியே வந்தவர்கள் பிரவுன் லங் (பழுப்பு நுரையீரல்) அசோசியேஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மில்கள் பலவற்றில் சங்கமே கிடையாது. அவர்களே ஊர் ஊராக மூச்சுப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். அவர்களும் ஜவுளித் தொழிற்சங்கமும் கொடுத்த அழுத்தத்தில் 1978-இல் பஞ்சு தூசிக்குத் தனி வரம்பு வந்தது, மில் முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போயும் 1981-இல் தோற்றார்கள்.

சங்கத்தின் கையில் உள்ள சாதாரணப் பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு இன்னொன்று. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) புற்றுநோயைத் தரும் என்று பல காலமாகப் பேச்சு இருந்தும் கம்பெனிகளின் மருத்துவப் பதிவுகள் வெளியாருக்குத் திறக்கவில்லை. நியூ ஜெர்சியில் இருந்த மருத்துவர் இர்விங் செலிக்கோஃப் சங்கத்திடம் போனார். வெப்பக்காப்பு வேலை செய்பவர்களின் சங்கத்தில் யார் எந்த வருடம் சேர்ந்தார், யார் எப்போது இறந்தார் என்று சந்தாப் பதிவேடும் நலநிதிப் பதிவேடும் ஒழுங்காக இருந்தன. 1943-க்கு முன் சேர்ந்த 632 பேரைப் பின்தொடர்ந்தார். அந்த வயது ஆண்களில் ஆறேழு பேருக்கு வந்திருக்க வேண்டிய நுரையீரல் புற்றுநோய்ச் சாவு, அவர்களில் 45 பேருக்கு வந்திருந்தது. 1964-இல் வெளியானது. 1967 முதல் அமெரிக்கா, கனடா முழுவதும் அந்தச் சங்கத்தின் 17,800 உறுப்பினர்களைப் பின்தொடர்ந்தார். கல்நார்க் கம்பெனிகளால் பதில் சொல்ல முடியாத சான்று ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருந்து வந்தது. ரவி, உங்கள் சங்கத்தில் யார் எந்த மெஷினில் எத்தனை வருடம் நின்றார் என்ற பட்டியல் இருக்கிறதா? ஓய்வு பெற்றுப் போனவர்களின் முகவரி?

எச்எஸ்இ_மணி

சட்டப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், இது பலருக்குத் தெரியவில்லை.

இரைச்சலால் வரும் கேட்புத்திறன் இழப்பு, பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்க வேண்டிய நோய். அதைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும், நிர்வாகமும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதிலும் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் மூன்றாம் அட்டவணைதான். தொழிலாளர் இழப்பீட்டு விதிகளில் இந்த நோய் உள்ள பகுதிக்கு ஆறு மாதத் தொடர் வேலை போதும், வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. ஆகவே தொழில்சார் நோய் தெரிந்த மருத்துவர் ஒருவர் கையெழுத்திட்ட கண்டறிதல் தாள் பெரிய விஷயம். பிரஸ் ஷாப்பில் ஒருவருக்குக்கூட இந்த நோய் இல்லை என்று வருடா வருடம் சொல்லும் கம்பெனியை ஆய்வாளர் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தனியாகக் காசு கொடுத்து ஆள் வைப்பதற்கு முன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள், சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனமும் இருக்கிறது, அங்கே கருவியும் ஆளும் உண்டு. அரசு அலுவலகத்தில் உங்கள் கம்பெனி தாக்கல் செய்த அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெளி நிபுணரை வைத்தாலும் ஆலைக்குள் நுழைய நிர்வாகம் அனுமதிக்க வேண்டும், இங்கே பிரான்ஸ் மாதிரிச் சட்டம் இல்லை. நுழைய விடவில்லை என்றால் காதுப் பரிசோதனையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தடுக்க யாராலும் முடியாது.

மலைச்சாரல்

நல்ல யோசனை. அளவீடு அவர்கள் கையில், காது நம் கையில்.

பிரஸ்ஷாப்_ரவி

எல்லாருக்கும் நன்றி. நேற்று செயற்குழுவில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். 12 மணி நேரத்துக்கு 87 என்ற கணக்கைக் கேட்டதும் கூட்டத்தின் பேச்சே மாறிவிட்டது. படி வேண்டும் என்று சொன்ன மூத்தவரே, ஓவர்டைம் நாள்களில் யார் எத்தனை மணி நேரம் நின்றார் என்று ஆறு மாதக் கணக்கை நான் எடுத்துத் தருகிறேன் என்றார்.

இப்போதைக்கு முடிவானது இது. ஆடியோகிராம் நகல் கேட்டு ஒவ்வொருவரும் தனித்தனிக் கடிதம், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பத்தோடு. பாதுகாப்புக் குழுவில் டோசிமீட்டர் அளவீடு, இரவு ஷிப்ட் உட்பட, எங்கள் ஆள் கூட நிற்க. அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இயக்ககத்துக்கு மனு. சங்கச் செலவில் காதுப் பரிசோதனை, திங்கள் காலையில், வெளியே ஒரு மருத்துவமனையில், பிரஸ் ஷாப்பில் அதிக வருடம் ஆனவர்களில் இருந்து தொடங்கி. ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் படிக்குப் பதிலாகப் பிரஸ்ஸைச் சுற்றித் தடுப்பு, அடிப்பாகத்தில் அதிர்வைத் தாங்கும் பட்டை, இரைச்சல் பகுதியில் ஓவர்டைமுக்கு உச்சவரம்பு. மணி சார், நீங்கள் அங்கே எழுதியது போல எங்கள் பாதுகாப்பு அதிகாரியும் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று விசாரிக்கப் போகிறோம்.

ஒரு கேள்வி மிச்சம். காண்ட்ராக்ட் பையன்களும் அதே பிரஸ்ஸில்தான் நிற்கிறார்கள், அவர்கள் சங்கத்தில் இல்லை. அவர்களையும் பரிசோதனைக்குக் கூப்பிடலாமா? முடிவு கெட்டதாக வந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள்.

மருத்துவர்_வேலூர்

கட்டாயம் கூப்பிடுங்கள். அவர்கள்தான் அதிக நேரம் அங்கே நிற்பவர்களாக இருப்பார்கள்.

பயம் நியாயமானது, அதற்கு ஏற்பாடு செய்யலாம். தனிநபர் முடிவு அந்த நபருக்கும் மருத்துவருக்கும் மட்டும், சங்கத்தின் செயலாளருக்குக்கூடப் பெயரோடு போகக்கூடாது. நிர்வாகத்தோடு பேசும்போது பயன்படுவது தொகுப்பு எண் மட்டும்: இத்தனை வருடம் இந்தப் பகுதியில் நின்றவர்கள் இத்தனை பேர், அவர்களில் இத்தனை பேருக்கு 4000 ஹெர்ட்ஸில் இறக்கம். குழு மிகச் சிறியதாக இருந்தால் அப்படிப் பிரித்தும் போடாதீர்கள், யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பரிசோதனைக்கு முன் இதை ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள், இந்தி, ஒடியா பேசும் பையன்களுக்கு அவர்கள் மொழியில் படித்துக் காட்டி. இழப்பீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு, அப்போது பெயரோடு போகலாம்.

இரைச்சல் தவிர வேறு காரணங்களும் கேளுங்கள்: காதில் சீழ் வந்ததா, சில மருந்துகள் சாப்பிட்டார்களா, முன்னால் வேறு இரைச்சலான வேலை பார்த்தார்களா. இதைக் கேட்காமல் விட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். வினாப்படிவம் ஒன்று என்னிடம் தமிழில் இருக்கிறது, தனிமடலில் அனுப்புகிறேன்.

பஞ்சாலை_செல்வி

எனக்கும் அனுப்புங்கள் மேடம். எங்கள் ஸ்பின்னிங் பகுதியிலும் காது அடைக்கிறது என்று சொல்கிறார்கள், நோட்டில் அதற்கு இன்னும் பத்தி போடவில்லை.